எஃப்.எஸ்.ஹெச். 62 இப்போது 19: மெலடோனின் செய்த வேலையா?

கேள்வி: எனக்கு 34 வயது. திருமணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. ஏழு வருடமாக மாதத்தில் பத்து நாள் நைட் ஷிப்ட். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஆறு மாதம் வரவே இல்லை. ராத்திரியில் வியர்த்துக் கொட்டி எழுந்துவிடுவேன். மார்ச்சில் பரிசோதித்தபோது, சினைப்பை சோர்ந்தால் ஏறும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் 62, ஆறு வாரம் கழித்து 58. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். வெறும் 0.08. சினைப்பை சீக்கிரமே செயலிழந்து வருகிறது என்று சொல்லி டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினார். அது புற்றுநோயைக் கொண்டுவரும் என்று மாமியார் பயப்படுகிறார். அதனால் தொடங்கவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார், சினைப்பையை மீட்கும் என்று வீடியோவில் பார்த்ததாகச் சொல்லி தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் கம்மி (மிட்டாய் போல மெல்லும் மாத்திரை) அனுப்பினார். முடி கொட்டுகிறது என்றதால் கூந்தலுக்கும் ஒரு பாட்டில். ராத்திரி மெலடோனின் ஒன்று, காலை டிபனுக்குப் பிறகு கூந்தல் கம்மி இரண்டு. இரண்டு மாதத்தில் நல்ல தூக்கம். மூன்று நாள் மாதவிலக்கும் வந்தது. திரும்பப் பரிசோதித்தால் எஃப்.எஸ்.ஹெச். 19! தைராய்டும் மாறியிருக்கிறது என்று மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார்கள். மெலடோனினைத் தொடரலாமா? எவ்வளவு? ஹார்மோன் மாத்திரை இனி வேண்டாம்தானே? நைட் ஷிப்ட்தான் என்னைக் கெடுத்ததா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தோடு இருந்த மூன்று ரிப்போர்ட்டையும், இரண்டு பாட்டில்களின் படங்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்கள் கேட்டது மெலடோனினைப் பற்றி. என் கண் போய் நின்றதோ இன்னொரு பாட்டிலில்.

கூந்தல் கம்மி பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. அது பி வைட்டமின்களில் ஒன்று. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம்தான். முட்டையும் வேர்க்கடலையும் சாப்பிடுகிறவர்களுக்குத் தன்னால் கிடைத்துவிடும். கூடுதலாகப் போனது சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் அதற்குள் உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்துவிட்டால், ஆய்வகக் கருவி ஏமாந்துபோகும்.

ஹார்மோனை அளக்கும் கருவிகள் பலவற்றில் பயோட்டின்தான் கொக்கி. எஃப்.எஸ்.ஹெச்.சைப் பிடிக்கிற எதிர்ப்பொருளின் வாலில் அதைக் கட்டியிருப்பார்கள். அந்தக் கொக்கி கருவிக்குள் இருக்கும் நுண்மணிகளில் போய் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு மாட்டியிருக்கிறது என்று பார்த்துக் கருவி எண்ணை எழுதும். உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் ஏராளமாக மிதந்தால், பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது போல அது முந்திக்கொண்டு மணிகளில் இடம் பிடித்துவிடும். அசல் ஆட்களுக்கு இடம் கிடைக்காது. கருவியும் 'எஃப்.எஸ்.ஹெச். குறைவு' என்று எழுதிவிடும். தைராய்டு ஹார்மோன் கூடினால் இறங்கும் டி.எஸ்.ஹெச்.சுக்கும் இதே கதை. சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையாலை அளக்கும் முறையோ தலைகீழ். அதில் மாட்டியது குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம்.

இப்போது மூன்றாவது ரிப்போர்ட்டை எடுங்கள். எஃப்.எஸ்.ஹெச். 58-லிருந்து 19-க்கு இறங்கியிருக்கிறது. எஸ்ட்ரடையால் 14-லிருந்து 240-க்கு ஏறியிருக்கிறது. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் சினைப்பை விழித்துக்கொண்டது என்று நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் அதே தாளில் டி.எஸ்.ஹெச். 3.1-லிருந்து 0.2-க்கு விழுந்திருக்கிறது. நீங்கள் எடுத்துவந்த தைராக்சின் மாத்திரையின் அளவு மாறவில்லை, உங்களுக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை. தைராய்டு ஏன் திடீரென்று இப்படி ஆட வேண்டும்? மூன்று எண்ணும் சொல்லிவைத்தாற்போலப் பயோட்டின் தள்ளுகிற பக்கமே சாய்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் ஆறு ஆரோக்கியமான பேருக்கு, நீங்கள் எடுக்கும் அதே அளவு பயோட்டினை ஒரு வாரம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், ஒரு வகைக் கருவியில் டி.எஸ்.ஹெச். 94 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்பட்டது. அதே வருடம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கையும் விட்டது. எல்லாக் கருவியும் இப்படி ஏமாறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் கருவி எந்த வகை என்று கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே முதல் வேலை இதுதான். கூந்தல் கம்மியை இன்றே நிறுத்துங்கள். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு எஃப்.எஸ்.ஹெச்., எஸ்ட்ரடையால், டி.எஸ்.ஹெச்., கூடவே தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 எல்லாவற்றையும் திரும்ப எடுங்கள். தைராய்டு மாத்திரையைப் பாதியாக்குவது இந்த ரிப்போர்ட் வந்த பிறகு. ஏற்கெனவே பாதியாக்கிவிட்டீர்கள் என்றால் உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது முழு அளவுதான் என்றால் பாதி மாத்திரையில் நாளைத் தள்ளுவது நல்லதல்ல.

"சரி டாக்டர், கருவி ஏமாந்தது. மாதவிலக்கு வந்ததே, அது பொய்யா?" என்று கேட்பீர்கள். அது பொய்யில்லை. பயோட்டினால் ரத்தப்போக்கை வரவழைக்க முடியாது. சினைப்பை ஒருமுறை நிஜமாகவே வேலை செய்திருக்கலாம். ஆனால் அது கம்மியால்தான் என்று சொல்ல முடியாது.

இந்த நோயின் குணமே அப்படி. மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் நிறுத்தம், தண்ணீர் வற்றிய கிணறு மாதிரி. நாற்பதுக்கு முன் வரும் இந்தக் குறைபாடு, ஊற்று அடைபட்டும் திறந்தும் விளையாடுகிற கிணறு. மாதக்கணக்கில் ஒன்றுமிருக்காது, திடீரென்று ஒரு மாதம் ஒரு கருமுட்டைப் பை வளரும், எஸ்ட்ரோஜன் ஏறும், எஃப்.எஸ்.ஹெச். இறங்கும், மாதவிலக்கு வரும். மறுபடி மௌனம். பிரான்சில் இந்தக் குறைபாடுள்ள 358 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு சினைப்பை இப்படித் தானாகவே திரும்ப வேலை செய்த அறிகுறி தெரிந்தது. 15 பேர் சிகிச்சையில்லாமலே கர்ப்பமானார்கள். 'சினைப்பை செயலிழப்பு' என்ற பழைய பெயரை விட்டு 'சினைப்பைக் குறைபாடு' என்று நாங்கள் மாற்றிச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆக, நான்கு பெண்களில் ஒருவர் அந்த மாதம் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ, அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். சதாவரி லேகியம், கோஎன்சைம் க்யூ10, டி.ஹெச்.இ.ஏ., கழற்சிக்காய்ப் பொடி, இப்போது மெலடோனின். மாதவிலக்கு வந்தவர் வீடியோவில் பேசுவார். வராத மூன்று பேர் பேசுவதில்லை. உங்கள் நாத்தனார் பார்த்தது பொய் வீடியோவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பேசியவருக்கு நிஜமாகவே மாதவிலக்கு வந்திருக்கும்.

மெலடோனினுக்கும் சினைப்பைக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் மாட்டின் மூளையில் உள்ள பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். தோல் நிறம் சம்பந்தமாகத் தேடப் போனவர். பிறகு இது இருட்டின் ஹார்மோன் என்று தெரிந்தது. கருமுட்டைப் பையில் இருக்கும் திரவத்தில் மெலடோனின், ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். முட்டை வெடித்து வெளிவரும் நேரத்தில் அங்கே ஆக்சிஜன் சார்ந்த நச்சுத் துணுக்குகள் நிறைய உண்டாகும். மெலடோனின் அவற்றை அடக்கும். எலிகளில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது சினைப்பையில் முட்டை இருப்பு ஓரளவு காப்பாற்றப்பட்டது. (எலிகளைப் பற்றி ஒரு சங்கதி: ஆய்வகங்களில் வளர்க்கும் சுண்டெலி இனங்கள் பலவற்றில் சொந்த மெலடோனின் சுரப்பே ஏறக்குறைய இல்லை. இல்லாத ஒன்றைக் கொடுத்துக் கிடைத்த பலனை நமக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம்.)

அரிசிப் பானையில் வேப்பிலை போட்டுவைப்போம் இல்லையா? வண்டு வராது. ஆனால் பானை அடியில் இரண்டு பிடி அரிசிதான் மிச்சம் என்றால், எத்தனை வேப்பிலை போட்டாலும் அது மூன்று பிடி ஆகாது. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் கருமுட்டைகளோடு பிறக்கிறாள். பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். அதற்குப் பிறகு சேர்வது கிடையாது. மெலடோனினுக்கு மனிதர்களில் ஏதாவது பலன் இருந்தால், அது வேப்பிலையின் பலன்தான்.

அந்தப் பலனும் எவ்வளவு? ஜப்பானில் யமகுச்சி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக் குழாய் முறையில் ஏற்கெனவே தோற்ற பெண்களுக்குத் தினம் 3 மில்லிகிராம் கொடுத்தார்கள். கருக்கட்டும் விகிதம் கூடியது. மெலடோனின் எடுத்த 56 பேரில் 11 பேரும், எடுக்காத 59 பேரில் 6 பேரும் கர்ப்பமானார்கள். உலகம் முழுக்க இதைப் பற்றிப் பேச்சு கிளம்பியது இதிலிருந்துதான். ஈரானில் முட்டை இருப்பு குறைந்த பெண்களிடம் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முதிர்ந்த முட்டைகளின் எண்ணிக்கை கூடியது, கர்ப்பம் கூடவில்லை. 2018-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து 160 பெண்களை வைத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு வந்தது. நாளுக்கு இரண்டு வேளை, 2, 4, 8 மில்லிகிராம் என்று மூன்று அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டையின் எண்ணிக்கையிலோ கர்ப்பத்திலோ வித்தியாசமே இல்லை. இந்த மூன்றிலும் இருந்தவர்கள், ஊசி போட்டு முட்டை எடுக்கும் சிகிச்சையில் இருந்த பெண்கள். எஃப்.எஸ்.ஹெச். 60-ஐத் தொட்டு மாதவிலக்கு நின்றுபோன உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு, இதைக் கொடுத்து சினைப்பையை மீட்டதாக நான் நம்பும்படியான சோதனை ஒன்றும் இல்லை.

எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டதற்கு ஒரு பழைய கதை. 1990-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் இதே மெலடோனினைக் கருத்தடை மாத்திரையாக்க முயன்றார்கள்! நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பெரிய அளவில், தனியாகவோ இன்னொரு ஹார்மோனோடு சேர்ந்தோ, முட்டை வெளிவருவதை அது தடுக்கக்கூடும் என்று 1992-ல் எழுதினார்கள். 3 மில்லிகிராமில் அந்தப் பயம் இல்லை. ஆனால் கொஞ்சம் நல்லது என்றால் நிறையச் சாப்பிட்டால் இன்னும் நல்லது என்ற கணக்கு இந்த ஹார்மோனிடம் பலிக்காது.

உங்கள் பாட்டிலின் முன்பக்கம் 10 மி.கி. என்கிறது, பின்பக்கம் ஒரு வேளைக்கு இரண்டு கம்மி என்கிறது. அப்படியானால் நீங்கள் எடுப்பது 5. அதுவும் லேபிளை நம்பினால்தான். அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் கம்மிகளைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். 22-ல் லேபிளும் சரக்கும் ஒத்துப்போகவில்லை. எழுதியதைப் போல மூன்றரை மடங்கு வரை இருந்த கம்மியும் உண்டு, மெலடோனினே இல்லாத கம்மியும் உண்டு. அங்கே இது மருந்தாக இல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதுதான் காரணம்.

உங்களுக்கென்று தனியாக இரண்டு விஷயம். உங்கள் தைராய்டு குறைவு, எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவதால் வந்ததா என்று இன்னும் பார்க்கவில்லை. அப்படி இருந்தால், ஐரோப்பாவில் மருந்தாக விற்கும் மெலடோனினின் கையேடே வேண்டாம் என்கிறது. கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களுக்கும் அதே அறிவுரை. அப்புறம், எஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும்போது மெலடோனின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அதே 5 மி.கி. கூடுதல் மயக்கம் தரும். ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வீடு திரும்புகிறவர் நீங்கள். நானாக இருந்தால் இப்போதைக்கு நிறுத்திவிடுவேன்.

தூக்கம் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் உங்களை ராத்திரி எழுப்பியது வியர்வை. வியர்வைக்குக் காரணம் எஸ்ட்ரோஜன் இல்லாதது. அதைக் கொடுத்தால் வியர்வையும் அடங்கும், தூக்கமும் வரும். உங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தும் நீங்கள் தொடங்காத அந்தச் சீட்டில் இருப்பது அதுதான்.

மாமியாரிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் என்ற பயம் பெரிதாகப் பரவியது 2002-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு. அதில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுப் பெண்கள். சராசரி வயது 63. உடம்பு தானே நிறுத்திக்கொண்ட வயதில் வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்த கதை அது. உங்களுக்கு 34. உங்கள் வயதுத் தோழிக்கு அவள் சினைப்பை தினமும் கொடுப்பதை உங்களுக்கு மாத்திரை கொடுக்கிறது, அவ்வளவுதான். இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, ஏறக்குறைய ஐம்பது வரை, இப்படி ஈடுகட்டுவது உங்கள் வயதுப் பெண்களுக்கு இருப்பதைவிடப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. எடுக்காமல் விட்டால் நடப்பது என்ன என்பதோ நன்றாகவே தெரியும்: நாற்பதுகளிலேயே எலும்பு தேயும், இதய நோய் சீக்கிரம் வரும் ஆபத்தும் கூடும். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்த சொந்தக்காரர் யாரையாவது தெரிந்திருக்கும். அவரை நினைவுபடுத்திப் பேசினால் புரியும். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தாலோ, உங்களுக்கு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ மட்டும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் மாறுதல் வரும்.

இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல. தானாகக் கரு தங்கும் வாய்ப்பு உங்களுக்கு இருபதில் ஒன்று அளவில் இருக்கிறது. மாத்திரை அதைக் கெடுக்காது. மாதாந்திர ரத்தப்போக்கு வராமல் தள்ளிப்போனால், வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

நைட் ஷிப்ட் பற்றிய கேள்வியை நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப நாள் மனதில் இருந்த கேள்வி என்று தோன்றுகிறது. அமெரிக்க நர்ஸ்கள் எண்பதாயிரம் பேரின் தகவலை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. முந்தைய இரண்டு வருடத்தில் 20 மாதமோ அதற்கு மேலோ மாறி மாறி நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு, மாதவிடாய் சீக்கிரம் நிற்கும் வாய்ப்பு 9 சதவீதம் கூடுதல். இது நூறில் ஒன்பது பேருக்கு வரும் என்ற அர்த்தம் இல்லை. இருக்கும் சிறிய ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடியது. இந்த அளவு தள்ளலுக்கு 34 வயதில் ஏ.எம்.ஹெச். 0.08 ஆகாது. உங்களோடு அதே ஷிப்ட் பார்க்கும் மற்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். பகல் ஷிப்ட் கேட்டு வாங்க முடிந்தால் தூக்கத்துக்காக வாங்குங்கள்.

நிஜமான காரணத்தைத் தேடும் பரிசோதனைகள் உங்கள் ஃபைலில் இல்லை. குரோமோசோம் பரிசோதனை, ஃப்ராஜைல் எக்ஸ் மரபணுப் பரிசோதனை, தைராய்டு எதிர்ப்பொருள், அட்ரீனல் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள், எலும்பு அடர்த்தி ஸ்கேன். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எல்லாம் பார்த்தும் காரணம் கிடைக்காது. ஆனால் ஃப்ராஜைல் எக்ஸ் இருந்தால் உங்கள் தங்கைக்கும் அது முக்கியமான செய்தி. அட்ரீனல் பாதிப்பைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

குழந்தை விஷயத்தில் நான் சுற்றி வளைக்கவில்லை. இந்த ஏ.எம்.ஹெச்.சில் சொந்த முட்டையை வைத்துச் சோதனைக் குழாய் சிகிச்சை பலிப்பது அரிது. லட்சக்கணக்கில் செலவு செய்யுமுன் டாக்டரிடம் "எங்களைப் போன்றவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது?" என்று எண்ணாகக் கேளுங்கள். தானமாகப் பெற்ற முட்டையில் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும், கர்ப்பப்பை உங்களுடையதுதான், தத்தும் இருக்கிறது. 2021-ல் வந்த சட்டப்படி முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்க முடியும். இதையெல்லாம் இந்த மாதமே முடிவு செய்ய வேண்டியதில்லை. நீங்களும் கணவரும் சேர்ந்து போய் ஒருமுறை பேசிவிட்டு வாருங்கள். அந்தப் பேச்சை "இன்னும் ஆறு மாதம் கம்மி சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது இரண்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் எடுப்பவரிடமே "பயோட்டின் நிறுத்தி இத்தனை நாள்" என்று சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எஃப்.எஸ்.ஹெச். மறுபடி ஐம்பதுக்கு மேல் வந்தால் மனம் உடைய வேண்டாம், அது மார்ச்சிலேயே தெரிந்த எண்தான். இருபதுக்குக் கீழேயே நின்றால் உடனே ஸ்கேன் எடுத்து முட்டைப் பை வளர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எது வந்தாலும், அந்தச் சீட்டில் உள்ள ஹார்மோன் மாத்திரையை எப்போது தொடங்குவது என்று அன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.